டெல்டா ஈரத்துக்குத் தாங்குகிற தோல் பூட்ஸ் எது?

கேள்வி, 17.6.2024

அண்ணே, நீடாமங்கலம் பக்கம் அரிசி ஆலையில் ஃபிட்டர் வேலை, வெல்டிங்கும் நான்தான். வருடத்துக்கு இரண்டு சேஃப்டி ஷூ போகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் வாங்கினால் தை அறுப்புக்குள் சோல் போய்விடுகிறது. 900 ரூபாய் ஷூ என்பதால் இப்படியா, இல்லை 4000 கொடுத்தால் நிற்குமா? தோல்தான் வேண்டும். ரெக்சின் போட்டால் தீப்பொறி ஓட்டை போட்டுவிடுகிறது.

17.6.2024, இரவு

தம்பி, விலையை அப்புறம் பேசலாம். எங்கே போனது என்று முதலில் சொல்லுங்கள். சோல் தோலை விட்டுப் பக்கவாட்டில் கழன்றதா, சோலே குறுக்கே வெடித்ததா, இல்லை சோல் மாவாக உதிர்ந்ததா? மூன்றும் மூன்று வியாதி, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

நான் மன்னார்குடியில் அறுவடை வண்டி ரிப்பேர் ஷெட் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஏழு வருடம். காலையில் கட்டிய லேஸை ராத்திரிதான் அவிழ்ப்போம், அதனால் பூட்ஸைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், காலைப் பற்றி நிறையவே தெரியும். இந்த வருடம் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை. ஷெட்டில் வேலை கம்மி, நீளமாகத்தான் எழுதுவேன்.

இப்போதைக்கு ஒரு வரி: மட்டமானது இரண்டு வாங்காதீர்கள், நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

18.6.2024

உதிர்ந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் என் கதையைக் கேளுங்கள்.

சிங்கப்பூரை விட்டு வரும்போது பெட்டியில் ஒரு புது ஜோடி பூட்ஸ் கொண்டு வந்தேன். கம்பெனி கொடுத்தது, போடவே இல்லை. ஊரில் எதற்கு என்று பாலிதீன் கவரோடு பரணில் போட்டுவிட்டேன். மூன்று வருடம் கழித்து ஷெட் ஆரம்பித்த அன்று எடுத்தால் பளபளவென்று அப்படியே இருக்கிறது. பூஜை முடித்து போட்டுக்கொண்டு வாசல் வரை நடந்தேன். பின்னால் கறுப்பு கறுப்பாக என்னவோ கொட்டிக்கொண்டே வருகிறது. அம்மா கரி என்று நினைத்துத் துடைப்பம் எடுத்து வந்தார். கரி இல்லை, என் சோல். கேக் மாதிரி கையில் பிட்டு எடுக்கலாம். தோலில் ஒரு கீறல் இல்லை.

சேஃப்டி ஷூவில் பெரும்பாலும் இருக்கிற சோல் பாலியூரித்தேன், நாம் பியூ என்கிறோமே அதுதான். மெத்தென்று இருக்கும், எடை குறைவு. ஆனால் காற்றில் இருக்கிற ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். தண்ணீரில் முக்க வேண்டும் என்றுகூட இல்லை. சும்மா வைத்திருந்தாலும் நடக்கும், சூடும் ஈரமும் சேர்ந்தால் சீக்கிரம் நடக்கும். பரணில் ஓட்டுக்கு அடியில் பாலிதீன் கவருக்குள் கட்டி வைத்தேன் பாருங்கள், வேண்டுமென்றே கெடுக்க நினைத்தால்கூட அவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது.

உங்கள் கடைக்காரர் கொடுத்ததும் குடோனில் பழையதாகி வந்த சரக்காக இருக்கலாம். ஷூ நாக்கின் உள்பக்கத்திலோ சோலிலோ தயாரித்த தேதி இருக்கும், வருடமும் மாதமும், சிலதில் வருடமும் காலாண்டும். தள்ளுபடி என்று கூப்பிட்டுக் கொடுக்கிற ஷூவில் இதை முதலில் பாருங்கள். இரண்டு வருடம் தாண்டியதை நான் தொடுவதில்லை.

18.6.2024, மறுபடியும்

எதை வாங்குவது என்பதை விட்டுவிட்டேன். பியூ மட்டும் இல்லை, அடியில் ரப்பர் வைத்ததும் வருகிறது. நைட்ரைல் ரப்பர். நடுவில் மெத்தென்று பியூ, தரையைத் தொடுகிற இடத்தில் ரப்பர். எண்ணெய்க்கு அசையாது, ஈரத் தரையில் பிடிப்பு நன்றாக இருக்கும். சூடு தாங்கும் என்று முத்திரை வாங்கிய ரப்பர் சோல் 300 டிகிரி தகட்டின் மேல் ஒரு நிமிடம் வைத்தாலும் உருகக் கூடாது, சோதனையே அதுதான். கொதிகலன் சாம்பல் பக்கம் போகிற உங்களுக்கு இதுதான். சுத்த பியூ சோலோடு சூடான சாம்பலை மிதித்தால் ஒட்டிக்கொள்ளும்.

நடுவில் பியூ இருக்கிற வரை உதிர்கிற வியாதி அதற்கும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

21.6.2024

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். போதாது. முத்திரைக்குப் பக்கத்தில் ஐஎஸ் 15298 என்று இருக்கும், அதற்கு அப்புறம் பகுதி எத்தனை என்று பார்க்க வேண்டும். பகுதி 2 என்றால் முழு சேஃப்டி ஷூ, முன்னால் இருக்கிற தொப்பி 200 ஜூல் அடி தாங்கும். பகுதி 3 என்றால் அதில் பாதி, 100 ஜூல். பகுதி 4-ல் தொப்பியே கட்டாயம் இல்லை. மூன்றுமே முத்திரையோடுதான் வரும், மூன்றுமே கறுப்பாகத்தான் இருக்கும்.

200 ஜூல் என்றால் எவ்வளவு? 20 கிலோ இரும்பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருகிற அடி. எங்கள் ஷெட்டில் செயின் வண்டியின் ரோலரைக் கழற்றும்போது கை நழுவி இடுப்பு உயரத்திலிருந்து வலது கால் மேல் விழுந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். விரலுக்கு ஒன்றும் இல்லை. தோல் கிழிந்து உள்ளே இரும்பு தெரிந்தது, அதில் ஒரு பள்ளம்.

அடி வாங்கிய தொப்பியை அப்புறம் நம்பக் கூடாது, ஷூவைத் தூக்கிப் போட வேண்டும். நான் போடவில்லை. இன்னும் ஐந்து மாதம் போட்டுத் திரிந்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

22.6.2024

இரும்புத் தொப்பி மடங்கி விரலை வெட்டிவிடும், அதனால் சாதா ஷூவே நல்லது என்று வழக்கம்போல ஒரு மாமா வந்துவிட்டார். மாமா, தொப்பியையே மடக்குகிற எடை தொப்பி இல்லாத காலில் விழுந்தால் வெட்டுவதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கும்?

26.6.2024

இனி அளவு. இதில் என் கருத்து கொஞ்சம் முரட்டுத்தனமானது.

நம் ஊர் ஆளின் கால் வேறு. சின்ன வயதில் செருப்பில்லாமல் வரப்பில் ஓடி, சேற்றில் விரலை ஊன்றி நடந்து, முன்பாதம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். எனக்கு இருக்கிறது, என் பையனுக்கு இல்லை, அவன் எல்கேஜியிலிருந்து ஷூ. கடையில் நீளத்தை மட்டும் பார்த்து 8 என்று எடுத்துக் கொடுப்பார்கள். நீளம் சரியாக இருக்கும், அகலம் பிடிக்கும். இறுக்குகிறது என்று சொன்னால் 9 கொடுப்பார்கள். இப்போது அகலம் சரி, குதிகால் உள்ளே ஏறி இறங்கும், மூன்றாம் நாள் கொப்புளம். ஒரு நம்பர் ஏறினால் நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது.

சாயங்காலம் போங்கள், காலையில் போகாதீர்கள். நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் உண்மையான அளவு. வேலைக்குப் போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் பேப்பர் மேல் நின்று பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு காலையும் வரைந்து, வரைந்த கோட்டோடு வெட்டி எடுத்துப் போய், கடையில் ஷூவின் இன்சோலை உருவி அதன் மேல் வையுங்கள். பேப்பர் இரண்டு பக்கமும் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி விரல் முட்டும் வரை நகர்த்துங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் தாராளமாகப் போனால் பெரியது.

அப்புறம் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பது எல்லாரும் செய்வது. நீங்கள் கடை நடுவில் குந்தி உட்காருங்கள். நம் ஆட்கள் ஸ்டூல் போட்டா வேலை பார்க்கிறோம்? ஃபிட்டர், வெல்டர், கொத்தனார் எல்லாரும் பாதி நாள் குந்தித்தான் இருக்கிறோம். குந்தும்போது பூட்ஸ் முன்பாதத்தில் மடங்கும், இரும்புத் தொப்பியின் பின்விளிம்பு விரல் மேல் ஏறிக் குத்தும். நிற்கும்போது தெரியவே தெரியாது. பின்பக்கக் கழுத்தும் குதிகால் நரம்பில் இடிக்கும். ஐந்து நிமிடம் குந்தியே இருங்கள், குத்தினால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

27.6.2024

"போடப் போட விரியும்" என்று கடையில் சொன்னார்களாம். தோல் விரியும். இரும்பு விரியாது தம்பி.

30.7.2024

மேட்டூர் திறந்துவிட்டார்கள், 28-ஆம் தேதி. ஆற்றில் தண்ணீர் வந்தால் இங்கே ஒருவரும் ஷூவைப் பற்றிப் பேச மாட்டார்கள், எல்லார் காலும் சேற்றில்தான். ஆனால் அதிலும் ஒரு கேள்வி வந்திருக்கிறது: வயலுக்குத் தோல் பூட்ஸ் போடலாமா?

போடாதீர்கள். உழுத சேற்றில் பூட்ஸ் இறங்கினால் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கால் மட்டும் வரும், பூட்ஸ் வராது. ஒருமுறை நடு வயலில் நின்றுபோன வண்டியைப் பார்க்கப் போய் இடது பூட்ஸை இரண்டு பேர் சேர்ந்து தோண்டி எடுத்தார்கள், நடவு ஆட்கள் அன்று முழுக்க அதைச் சொல்லியே சிரித்தார்கள். வயலுக்குக் கம்பூட், இல்லையென்றால் வெறுங்கால். வெறுங்கால் என்றால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி விரல் இடுக்கைத் துடையுங்கள். சேற்றுப்புண் இருக்கிற காலோடு தேங்கின தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. வெட்டுக்காயம், புண், ஊறிப்போன தோல் எல்லாமே அதற்கு வாசல்தான்.

வரப்பில், களத்துமேட்டில், வைக்கோல் போர் பக்கம் போவதற்குத் தோல் பூட்ஸ் நல்லது. கண்ணாடி விரியன் பெரும்பாலும் காலில்தான் போடும். கணுக்காலுக்கு மேலே ஏறிய பூட்ஸ் என்றால் ஒரு தைரியம்.

9.8.2024

தோலைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கடையில் இருக்கிற கறுப்புச் சேஃப்டி ஷூவைக் கையில் எடுத்துப் பாருங்கள், தோல் மேல் சின்னச் சின்னக் கட்டமாக, மணல் மணலாக ஓர் அச்சு இருக்கும். வியாபாரத்தில் பார்ட்டன் பிரிண்ட் என்பார்கள். பெரும்பாலும் எருமைத் தோல். முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு மேலே பெயின்ட் பூசி அச்சு அடிப்பது. மோசம் என்று சொல்ல மாட்டேன், எருமைத் தோல் தடிமன், உழைக்கும். ஆனால் அந்தப் பெயின்ட் பூச்சுக்கு மேல் நீங்கள் என்ன எண்ணெய் தடவினாலும் முக்கால்வாசி உள்ளே போகாது. மடிகிற இடத்தில் பூச்சு வெடித்த பிறகுதான் தோல் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும், அதுவரை குடிக்காது.

இயற்கையான மேல்தோலோடு வருவது ஃபுல் கிரெய்ன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பூச்சு போட்டதில் முத்து மாதிரி உருண்டு ஓடும், எண்ணெய் ஊட்டிய ஃபுல் கிரெய்னில் நின்று மெதுவாக நிறம் கறுக்கும். விலை கூட. அப்புறம் ஸ்பிளிட் என்று ஒன்று இருக்கிறது. தோலை இரண்டாகச் சீவியதில் அடிப்பக்கம், இரண்டு பக்கமும் பஞ்சு பஞ்சாக இருக்கும். வெல்டிங் கையுறைக்கு அருமை. மழைக்கு ஆகாது.

இந்தத் தோலெல்லாம் எங்கிருந்தோ வருவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம்தான், பாலாறு கொடுத்த விலை வேறு கதை. நமக்கு இன்னும் பக்கத்தில் திருச்சி செம்பட்டில் பதனிடுகிற தொழில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். இன்றைக்குப் பூட்ஸ் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்டது, சூட்டையும் ஈரத்தையும் பட்டைத் தோலைவிட அதிகம் தாங்கும். அதிகம் தாங்கும் என்றுதான் சொன்னேன். எவ்வளவு என்பதற்கு என்னிடம் ஒரு சோகக் கதை இருக்கிறது, இன்னொரு நாள்.

10.8.2024

சரி, இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், தூக்கம் வரவில்லை.

ஓர் ஆலையில் மழைக்காலத்தில் கன்வேயர் வேலை. பூட்ஸ் இரண்டும் ஊறிப்போய்விட்டது. காலையில் மறுபடி போட வேண்டும். கொதிகலன் அறையில் நெல் வேகவைக்கப் போகிற ஸ்டீம் பைப் ஓடுகிறது, மேலே சாக்கு சுற்றியிருந்தது. சாக்கு கிழிந்த இடமாகப் பார்த்து லேஸை முடிந்து தொங்கவிட்டேன். என்னைவிடப் புத்திசாலி உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் வலது பூட்ஸ் ஒரு நம்பர் சின்னதாகிவிட்டது. பைப்பைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் அப்பளம் மாதிரி சுருண்டு, தட்டினால் டக் டக் என்கிறது. சோல் ஒட்டு விட்டு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நீராவிக் குழாய் நூறு டிகிரிக்கு மேல், தோல் சொட்டச் சொட்ட ஈரம். ஈரத் தோல் அந்தச் சூட்டில் சுருங்கும், சுருங்கியது திரும்ப நீளாது. எண்ணெய் போட்டும் பார்த்தேன், வெந்நீரில் நனைத்தும் பார்த்தேன், என் மூடத்தனத்துக்கு அளவில்லை.

உங்கள் ஆலையிலும் அந்தப் பைப் இருக்கும் தம்பி. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2.9.2024

ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: 4-ஆம் நம்பர் சேஃப்டி ஷூ எங்கே கிடைக்கும்? பெரும்பாலான கடையில் ஆண்கள் 5 அல்லது 6-தான் கடைசி, இன்சோல் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று தள்ளிவிடுவார்கள். அது சரி வராதும்மா. இன்சோல் இரண்டு போட்டால் கால் மேலே ஏறித் தொப்பியில் முட்டும், குதிகால் நிற்காது. பெண்களுக்கென்று தனி அச்சில் செய்ததைக் கேட்டு வரவழையுங்கள். ஆலை முதலாளி ஆண்களுக்கு வாங்கிக் கொடுக்கிறார் என்றால் உங்களுக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டியவர்தான்.

14.10.2024

மழை வரப்போகிறது. எண்ணெய் விஷயம்.

முதல் வருடம் தேங்காய் எண்ணெய் தடவினேன். வீட்டில் இருப்பது அதுதானே. தோல் ஒரே வாரத்தில் துணி மாதிரி தொளதொளத்துவிட்டது, இரண்டாவது வாரம் சிக்கு நாற்றம், மூன்றாவது வாரம் எலி. நாக்கைச் சுத்தமாகத் தின்றுவிட்டு லேஸ் கண் இரும்பை மட்டும் வரிசையாக விட்டுவைத்திருந்தது.

இரண்டாம் வருடம் விளக்கெண்ணெய். பழைய ஆட்கள் செருப்புக்கும் மாட்டு வார்க்கும் போட்டதுதான். இது பரவாயில்லை. ஆனால் பிசுபிசுப்பு, ஆலைத் தூசி முழுக்க ஒட்டிக்கொள்ளும். துணியில் நாலு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் வருடம் தேன்மெழுகு. இங்கே ஒரு கிளைக்கதை. மெழுகு தேடி சுவாமிமலை போனேன், சிலை வார்க்கிற பட்டறையில் இல்லாத மெழுகா? கேட்டால் சிரித்தார்கள். அவர்கள் மெழுகு தனி மெழுகு இல்லை, குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ந்தது. சிலைக்கு வளையும், தோலுக்கு ஆகாது, பிசின் என்றார் ஒரு பெரியவர். காவிரி வண்டல் மண்ணை அந்த மெழுகுச் சிலை மேல் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஊற்றுகிறவர் காலைப் பார்த்தேன். வெறுங்கால். சேஃப்டி ஷூ மேல் இத்தனை பத்தி எழுதுகிறவனுக்கு அங்கே வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் மூன்று பங்கு. மெழுகை நேராக அடுப்பில் வைக்காமல் கொதிக்கிற தண்ணீருக்குள் கிண்ணம் வைத்து உருக்கி, எண்ணெயைக் கலந்து, ஆறினால் களிம்பு. தையல் மேலும், சோலும் தோலும் சேர்கிற இடத்திலும் விரலால் தேயுங்கள். தண்ணீர் உள்ளே போகிற வழி அதுதான், நடுத்தோல் இல்லை. மாதம் ஒருமுறை போதும். பொறுமை இல்லாதவர்கள் கடையில் விற்கிற மெழுகு பாலிஷ் டப்பா வாங்குங்கள், குறைச்சல் இல்லை.

29.11.2024

இந்த வார மழையில் ஷெட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். ஜூன் மாதம் நான் சொன்ன முதல் வரியை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

நல்லதாக ஒன்று வாங்குங்கள் என்று சொன்னேன். தப்பு. சிங்கப்பூர் புத்தி. அங்கே ராத்திரி ஃபேனுக்கு அடியில் வைத்தால் காலையில் பாதியாவது காய்ந்திருக்கும். இங்கே ஐப்பசி கார்த்திகையில் தோல் பூட்ஸ் ஊறினால் ஒரு ராத்திரியில் காய்வதற்கு வாய்ப்பே இல்லை. ஈரமாகவே போடுவீர்கள், உள்ளே வியர்வையும் சேரும், தையல் நூல் உளுக்கும், ஒட்டு விடும், காலில் புண் வரும். 4000 ரூபாய் ஷூவும் இதைத் தாங்காது. தலா 2000 ரூபாயில் இரண்டு ஜோடி வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். இரண்டும் சேர்ந்து நாலு வருடம் வரும் என்று கணக்கெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் தனியாக ஒன்று படுகிற பாட்டில் பாதிதான் ஒவ்வொன்றும் படும்.

காய வைப்பது: லேஸை முழுக்க உருவி, நாக்கை வெளியே இழுத்து, இன்சோலைத் தனியாக எடுத்து நிறுத்துங்கள். பழைய பேப்பரைக் கசக்கி மூக்கு வரை திணியுங்கள், இரண்டு மணி நேரத்தில் அது நனைந்துவிடும், மாற்றுங்கள். ஃபேன் காற்று போதும். வெயில் வந்தாலும் நிழல்தான்.

பேப்பருக்குப் பதில் உமி போட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. பழைய சாக்ஸில் உமி கட்டி உள்ளே வைத்தேன். ஈரத்தை நன்றாக இழுத்தது, அதில் குறை இல்லை. அடுத்த நாள் சாயங்காலம் வரை கால் சுணை. உமிக்கரி போட்டேன், சுணை இல்லை, கால் கறுப்பு. பேப்பருக்கே திரும்பிவிட்டேன்.

3.12.2024

பூசணம் பூத்துவிட்டது என்று நாலு படம் வந்திருக்கிறது. பயப்படாதீர்கள், வெளியே எடுத்துப் போய்க் காய்ந்த துணியால் துடையுங்கள், வீட்டுக்குள் தட்டாதீர்கள். அப்புறம் ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு தண்ணீர், துணியைப் பிழிந்து துடைத்து, காய்ந்த பிறகு களிம்பு. கவருக்குள் கட்டி வைத்தால் திரும்ப வரும். துணிப்பை, திறந்த அலமாரி.

வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் லோடு ஏற்றுகிறவர் கேட்டதற்கும் இதேதான் பதில். வெள்ளைக் கோடு விழுவது உப்பு, அதன் மேலேயே பாலிஷ் போட்டால் உள்ளே மூடிவைத்த மாதிரி ஆகிவிடும். நல்ல தண்ணீர்த் துணியால் தினமும் துடையுங்கள். துணி துவைக்கிற சோப்புத்தூள் மட்டும் வேண்டாம், அதன் காரம் தோலைக் கெடுத்துவிடும்.

6.12.2024

வெல்டிங் ஆளுக்குத் தனியாக ஒன்று, மறந்தே போய்விட்டேன். கேள்வி கேட்டவரே வெல்டர்தான்.

தீப்பொறி தோலைச் சீக்கிரம் ஒன்றும் செய்யாது. லேஸையும் தையலையும்தான் தேடிப் போகும். நைலான் லேஸில் ஒரு பொறி விழுந்தால் உருகி அறும், உருகிய நைலான் நம் கால் தோலில் ஒட்டினால் சுடும். பருத்தி நூல் லேஸ் போடுங்கள், கருகும், உருகாது. லேஸ் கட்டின இடத்துக்கு மேலே தோல் மடல் ஒன்று போட்டு மூடிக்கொள்ளுங்கள், பழைய வெல்டிங் கையுறையை வெட்டினாலே ஆகும். பேன்ட் காலைப் பூட்ஸுக்குள் செருகாதீர்கள், வெளியே தொங்கட்டும். செருகினால் பூட்ஸ் வாய் பொறிக்குப் புனல் மாதிரி. என் இடது கணுக்காலில் மிளகு அளவு தழும்பு அப்படி வந்ததுதான், லேஸை அவிழ்ப்பதற்குள் ஆடின ஆட்டத்தை ஷெட் பையன்கள் இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள்.

19.1.2025

சம்பா அறுப்பு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வண்டி வருகிறது. பிறகு எழுதுகிறேன்.

23.2.2025

சோல் மாற்ற முடியுமா என்பது பாக்கி இருந்தது.

பியூ சோலை அச்சுக்குள் வைத்து நேராகத் தோலோடு ஊற்றிவிடுகிறார்கள், அதனால் நம் ஊர்ச் சேஃப்டி ஷூவில் பெரும்பாலும் முடியாது. சோல் போனால் ஷூ போயிற்று. சுற்றி ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்த குட்இயர் வெல்ட் என்றால் பழைய சோலைப் பிரித்துப் புதிதாகத் தைக்கலாம், ஆனால் அந்த விலைக்கு இங்கே வாங்குகிற ஆளைக் காணோம்.

பக்கவாட்டில் மட்டும் வாய் திறந்தது என்றால் பசை டியூபோடு மல்லுக்கட்டாதீர்கள், ஈரம் பட்டதும் விட்டுவிடும். பஸ் நிலையத்துப் பக்கம் செருப்பு தைக்கிற அண்ணனிடம் கொடுங்கள். நான் கொடுத்தேன். முதலில் கத்தியால் உள்ளே இருந்த பழைய பசையைச் சுரண்டினார், ஊதினார், அப்புறம் நூலை மெழுகில் இரண்டு தடவை இழுத்து, குத்தூசியால் சோல் ஓரத்தில் ஒவ்வொரு ஓட்டையாகப் போட்டு இரண்டு பக்கமும் நூல் வருகிற மாதிரி தைத்தார். முக்கால் மணி நேரம், நூறு ரூபாய் கேட்டார். நான் சேர்த்துக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஈரத்தோட கொண்டு வராதீங்க, ஊசி வழுக்குது" என்று மட்டும் சொன்னார். எட்டு மாதம் நான் இங்கே எழுதினதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

11.3.2025

நீடாமங்கலம் தம்பி இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன் என்று படம் அனுப்பியிருக்கிறார். தேதி பார்த்தேன், போன டிசம்பர். பகுதி 2. ரப்பர் சோல். கடையில் குந்தி உட்கார்ந்ததற்குக் கடைப் பையன் உடம்பு சரியில்லையா என்று தண்ணீர் கொண்டு வந்தானாம்.

லேஸ் மட்டும் நைலான் மாதிரி மின்னுகிறது தம்பி. ஷெட்டில் நூல் லேஸ் கிடக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் இரண்டு ஜோடிக்கும் எடுத்துக்கொண்டு போங்கள்.